கழுத்தைக் கழித்து

பிரெமர்டனில் மூன்றாம் நாளாக மழை.
கப்பல் துறையில் நிற்கிறது.
நான் குளியலறையில், கதவைத் தாழிட்டு,
மஞ்சள் நாடாவும் மருந்துக்கடை ரசீதுமாக.

இந்த வருஷம் நாற்பது பெண்களை அளந்திருக்கிறேன்.
எஞ்சின் அறைக்கு மேல் அது என் கூடுதல் வேலை.
நாடா தரைக்குச் சமமாக ஓட வேண்டும்,
தோலைக் கவ்வக் கூடாது,
மூச்சை விட்ட பிறகே எண்.
"விடு" என்பேன்.
"விட்டுட்டேன்" என்பார்கள், கன்னம் உப்ப.

எல்லா வித்தையும் அத்துப்படி எனக்கு.
மூலக் களிம்பை வயிற்றில் பூசி
பிளாஸ்டிக் தாள் சுற்றித் தூங்கிய டெஸ்ரே.
நரம்பு புடைக்கப் பல்லைக் கடித்து நின்ற ஓடெட்.
சூத்திரம் அப்படி:
இடையையும் இடுப்பையும் கூட்டு,
கழுத்தைக் கழி,
மடக்கை எடு,
உயரத்துக்கும் கொஞ்சம் தள்ளுபடி.
கழுத்து பெருத்தவள் பிழைத்தாள்.

முப்பத்தாறு விழுக்காடு வரை கப்பல்.
தாண்டினால் காகிதம், கையெழுத்து, காலை ஐந்து மணி ஓட்டம்.

நாளை என்னை அளப்பவள் ட்ரெவின்யோ.
அரை அங்குலம் விட்டுத்தர மாட்டாள்.

கழுத்து பதின்மூன்றரை.
இடை முப்பத்து நான்கு.
பின்னால் நாடா சரிகிறதா என்று பார்க்கத்
தொட்டி விளிம்பில் ஏறினேன், வழுக்கி,
திரைச்சீலையைப் பிடித்து, மறுபடி ஏறி,
இடுப்பு நாற்பத்தொன்று.
முப்பத்தேழு.

தோளைத் தூக்கித் தாடையை இறுக்கினேன்.
கழுத்து பதினான்கரை. முப்பத்தாறு.
ஓர் அங்குலத் திமிருக்கு ஒரு விழுக்காடு.

நாடாவைத் திருப்பினால் சென்டிமீட்டர்.
போன வருஷம் மருத்துவச்சி
இந்தப் பக்கத்தை வைத்துத்தான் அளந்தாள்,
அடிவயிற்று எலும்பிலிருந்து மேட்டின் உச்சிவரை.
முப்பத்தொன்று. முப்பத்து மூன்று.
முப்பத்தாறு வந்த அன்று
பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்:
"ரொம்பச் சரி, அப்படியே ஏறட்டும்."

யாரும் "விடு" என்று சொல்லாமலே
மூச்சு போனது,
அடியில் கிடந்ததும் சேர்ந்து.
முப்பத்து நான்கரை.
பென்சில் கையில்தான் இருந்தது.
எழுதவில்லை.

கதவு தட்டினான் வெஸ், "இவளுக்குப் பசி."
நாடாவைக் கழுத்தில் போட்டபடி திறந்தேன்.
லினியா எட்டிப் பிடித்தாள் அதை, நேரே வாய்க்கு.
பால் குடித்து அவள் தூங்கிய பிறகு பார்க்கிறேன்,
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
இன்னும் ஈரம்.