இருபத்து மூன்று

ஏழு ரோட்டுக்குக் கீழே, சைக்கிள் வாடகைக் கடைக்கு மாடியில்,
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த கையோடு
நானும் செசிலியும் நின்றோம்.
கையில் ஒரு மரக்கட்டை. அதில் இருபத்து மூன்று.
உள்ளே பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டு முழுக்க ஆட்கள்.
மதுரைக்காரர் ஒருவர் வருவோர் போவோரிடமெல்லாம்
"இது கோழிதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
யாரும் வாய் திறக்கவில்லை.
கதவு திறக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து ஆவி வந்தது,
வெளியிலிருந்து மஞ்சு போனது.

செவ்வாயும் வெள்ளியும்
இதன் பின்வாசலில்தான் சாக்கு இறக்குவேன்.
முதுகெலும்பு, கழுத்திலிருந்து இடுப்பு வரை.
நாலு வருசம் முன்பு வரை அது நாய்க்குப் போனது,
மிஞ்சினால் கறியோடு கொசுறு.
யோங்மியம்மா முதன்முதலாய்க் கடைக்கு வந்து
தன் முதுகைத் தொட்டுத் தொட்டுக் காட்டியபோது
சுளுக்கு என்று நினைத்து
யூக்கலிப்டஸ் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

இன்று கிலோ தொண்ணூறு.
முன்வாசல் இதுதான் முதல் தடவை.

கிடைத்தது பாதி மேசை.
மறுபாதியில் விடுதிப் பையன்கள் இருவர்
தலை நிமிராமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.
பரிமாறும் ஜெர்வின் வில்பட்டிக்காரன்.
அவர்களுக்குக் கொரியனில் ஏதோ சொல்லி,
அடுத்த மேசைக்கு இந்தியில் கத்தி,
எங்களிடம் மட்டும் குனிந்து
"மாமா, சட்டியத் தொடாதீங்க, சுட்டுரும்."

சிவந்து கொதித்தது.
பூம்பாறைப் பூண்டு என்று மூக்கு சொன்னது.
ஓமவல்லிக்கும் துளசிக்கும் நடுவில் எங்கோ மணக்கும்
பேர் தெரியாத ஓர் இலை.
கம்ஜா என்றால் உருளைக்கிழங்காம். கம்ஜாத்தாங்.
பேர் கிழங்குக்கு, எடை எலும்புக்கு.
இங்கேயும் அப்படித்தான்.

செசிலி பிளாஸ்டிக் கையுறையை மாட்டிப் பார்த்தாள்,
பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்று கழற்றினாள்.
வெறுங்கையால் ஒரு கணுவைப் பிடித்து முறுக்கி,
ஒளிந்திருந்த சதையை
ஒற்றைக் குச்சியால் நெம்பி எடுத்தாள்.
எதிர்ப்பையன் அப்போதுதான் நிமிர்ந்தான்.
தன் இரண்டு குச்சியில் ஒன்றைக் கீழே வைத்தான்.

என் கிண்ணத்து எலும்பில்
வெட்டு நேராக இல்லை.
நடுவில் தொடங்கி இடப்பக்கம் சரிந்து
மறுபடி ஒரு கொத்து.
இரண்டு கொத்து வாங்கிய எலும்பு
என் கட்டையிலிருந்து இறங்கியதே இல்லை.

வெள்ளிக்கிழமை.
கடை வாசலில் வந்து நின்று செசிலி கேட்டாள்:
"ஊரே வரிசையில் நின்னு திங்குது.
நமக்கு மட்டும் பின்வாசலா?"
கத்தி சறுக்கியது அப்போது.

எலும்பைத் திருப்பி அவளிடம் காட்டினேன்.
"தெரியும். பாத்துத்தான் உனக்குப் போட்டேன்" என்றாள்,
வாய் நிறைய.

எலும்புக்கு ஒரே வாளி.
பையன்கள் போட்டதும் நாங்கள் போட்டதும்
அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைக் கொட்டி
ஜெர்வின் கிளறியபோது
அடிபிடித்த வாசனைக்கு
இன்னொரு பசி வந்தது எனக்கு.

பில் ஆயிரத்து எண்பது.
"பன்னிரண்டு கிலோ" என்றாள் செசிலி, கண்ணிமைக்காமல்.
அடுக்களைத் திரையை விலக்கி யோங்மியம்மா பார்த்தாள்.
சிரிக்க நேரமில்லை அவளுக்கு.
கரண்டி பிடித்த கையாலேயே
முதுகைத் தொட்டுக் காட்டி
உள்ளே போய்விட்டாள்.

படியில் மதுரைக்காரர் இன்னும்
ஓரமாய் ஒதுங்கி நின்றார்.
"நீங்க சாப்பிட்டீங்கள்ல, கோழிதானே?"
"பன்றி" என்றேன். "என் வெட்டு."

இருபத்தொன்பது, என்று உள்ளிருந்து குரல் வந்தது.
அவர் தன் கட்டையைத் திருப்பிப் பார்த்தார்.