முட்டைக் கிண்ணம்

நான்காவது ரப்பர் காம்பையும்
நாக்கால் தள்ளிவிட்டாள் யாகா.
லெஷெக் மனைவியின் ஸ்வெட்டருக்குள் புகுந்தான்;
கை முழங்கையோடு நின்றது.
விளக்கணைத்தான். பாட்டிலை
அக்குளில் இடுக்கிச் சூடாக்கினான்.
மோசடியைக் கண்டுகொண்டு
வீறிட்டாள்.
கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்,
இரண்டு தட்டு,
பிறகு பாவம் பார்த்து விட்டுவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே கதான்ஸ்க் கப்பல்தளம்.
கிரேனின் உச்சிக் கூண்டில் போக்னா.
கொக்கியில் ஆடும் விலாத்தகட்டைவிட
மார்பு கனக்கிறது.
சட்டை நனைகிறது.

மூன்று மணிக்கு
வேறு வழியில்லாமல்
முட்டைக் கிண்ணத்தைக் கழுவி
உதட்டோரம் சாய்த்தான்.
பூனைக்குட்டிபோல் நக்கினாள்.
பாதி கழுத்தில் வழிந்தது,
பாதி உள்ளே போனது.

போனில் தட்டினான்:
‘பதினைந்து மில்லி.
உன் ஸ்வெட்டர் போச்சு.’

தூரத்தில் கூண்டு விளக்கு
ஒருமுறை அணைந்து எரிந்தது.