மொத்தக் கொள்ளளவு

திங்கட்கிழமை பழுப்புப் புட்டிகள் வரும்.
தேக்காவில் வாங்கிய மீன் ஒரு கையில்,
துண்டு சுற்றிய புட்டி மறு கையில்,
என்னவென்று யாரும் கேட்டுவிடாத வேகத்தில்
சன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.
ஒரு பகல், ஓர் இரவு, சொட்டு விடாமல்
என்று நான்கு மொழியில் அச்சடித்துக் கொடுத்திருந்தோம்.

அது எழுபத்தெட்டு.
வயிற்றைப் படம் பிடிக்கும் பெட்டி
எங்கள் மேல்மாடிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

எனக்கு முகம் தெரியாது, நிறம் தெரியும்.
தண்ணீர் குடிக்க நேரமில்லாதவளுக்குக் கோப்பி நிறம்.
அளந்து, அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து,
ஈதரில் குலுக்கிப் பிரிக்கையில்
'இன்றைக்குச் சோறு இறங்காது' என்பாள் சுவீ லான்.
பன்னிரண்டரைக்கு எனக்கு முன்பே
மீ கோரெங் தட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில், கந்தக அமிலச் சூட்டில்
இளஞ்சிவப்பு ஒன்று எழும்.
ஈஸ்ட்ரியோல்.
தாய் தனியாக இவ்வளவு செய்ய மாட்டாள்.
பிள்ளை தன் சுரப்பியில் தொடங்கி
தன் ஈரலில் ஒரு கை பார்த்து அனுப்ப
நஞ்சுக்கொடி முடித்துக் கொடுக்க
தாயின் ரத்தம் சுமந்துவந்து வெளியே விடுகிறது.
பெயர் வைக்காத ஒருவர்
'இருக்கிறேன்' என்று போடும் ஒப்பம்.

மேடம் பாக்கியவதி, முப்பத்துமூன்று வாரம்: பதினான்கு.
அடுத்த வாரம் பதினாறு.
அதற்கடுத்து
ஒன்பது.

ஒன்பது என்றால் மேலே சொல்ல வேண்டும்.
ஒன்பது என்றால் டாக்டர் ஓங் கத்தியை யோசிப்பார்.
தொலைபேசியை எடுத்தேன்.
வைத்தேன்.
கிரியேட்டினினைப் பார்த்தேன்,
தாயின் தசை நாள்தோறும் கட்டும் வரி அது,
பிள்ளைக்கு அதில் பங்கில்லை.
அதுவும் பாதி.
பிள்ளை தளரலாம்.
தாயுமா ஒரே வாரத்தில் பாதியாவாள்?

அட்டையில் இருந்தது தோ பாயோ மளிகைக்கடை எண்.
கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கூவியது
எனக்கே கேட்டது.
மூச்சிரைக்க வந்தாள். எல்லாம் பிடித்தேன் மிஸ், என்றாள்.
நான் சும்மா இருந்தேன்.
பிறகு குரலை இறக்கினாள்.
வானொலிப் பலகைக்கு ஈயம் வைக்கிற வரிசையாம்.
கழிவறை அட்டை ஒன்றே ஒன்று, இருபது பேருக்கு.
'அட்டையோடு புட்டியையும் தூக்கிக்கொண்டு
சூப்பர்வைசரை எப்படி மிஸ் தாண்டுவது?
மூன்று தடவை விட்டுவிட்டேன்.
பிள்ளைக்கு ஒன்றுமில்லையே?'

தெரியாது என்பதுதான் எங்கள் விதி.
ஒருநாள் லீவு போடுங்கள், என்றேன்.
ஒன்பதின் மேல் கோடு கிழித்து
'சேகரிப்பு முழுமையற்றது' என்று எழுதினேன்.
கழிவறை அட்டையை எழுதப்
பதிவேட்டில் இடமில்லை.

புதன்கிழமை, விளிம்புவரை புட்டி: பதினேழு.
பிறகு பதினெட்டு. பத்தொன்பது.
பிறகு வரவில்லை.

எண்கள் நின்றுபோக இரண்டு காரணம் உண்டு.
மேலே போய்க் கேட்கலாம்.
நாலே மாடி, மின்தூக்கியும் இருக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒருமுறை கேட்டேன்.
அதன்பின் கேட்பதில்லை.

டிசம்பர் மழையில் குடையில்லாத ஒருவர்
கழுவிய புட்டியைச் சன்னலில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் பேருந்துக்கு ஓடினார்.
லேபிளில் எங்கள் அச்சு:
மொத்தக் கொள்ளளவு, புள்ளி புள்ளி, மில்லி.
மில்லியைப் பென்சிலால் அடித்துவிட்டு
புள்ளிகளின் மேல் எழுதியிருந்தது:
'ஆறே கால் ராத்தல். பெண்.'

அலகு பொருந்தாததால்
பதிவேட்டில் ஏற்றவில்லை.
லேபிளை நனையாமல் உரித்துக்கொண்டேன்.
புட்டிக்குள் சவர்க்கார வாசனை,
அது கணக்கைக் கெடுக்கும்.
மூன்று முறை அலசி
கவிழ்த்து வைத்தேன், திங்கட்கிழமைக்கு.