இருநூற்றுப் பத்து

இயந்திரத்தின் கைக்கு ஆரம் நூறு சென்டிமீட்டர்.
மீட்டரில் சொன்னால் ஒன்று.
வேலூர் வெயில் நூற்றேழு அடிக்கும் நாளிலும்
சால்வை கேட்கும் இந்த அறையில்
அலகு வட்டம் வெள்ளைப் பெயின்ட் அடித்து நிற்கிறது.
மையத்தில் ஷெஃபாலி மண்டல்,
பாங்குராவிலிருந்து, வயது ஐம்பத்திரண்டு.

முப்பது, நூற்றைம்பது,
இருநூற்றுப் பத்து, முந்நூற்று முப்பது:
நான்கு பக்கமும் கதிர்.
கணினி எல்லாம் சொல்லிவிட்டது. இருந்தும்
சீட்டின் பின்பக்கம் கையால் போட்டுப் பார்ப்பேன்.
"மறுபடியுமா மேடம்" என்பான் பேர்ணாம்பட்டு இம்தியாஸ்.

இருநூற்றுப் பத்தில் நூற்றெண்பதைக் கழி.
நான்கையும் உரித்தால் உள்ளே அதே முப்பதுதான்,
சட்டை மட்டும் வேறு.
சைன், மைனஸ் அரை:
என் இடப்பக்கம் ஐம்பது. அவருக்கு அது வலக்கைப் பக்கம்.
காஸ், மைனஸ் புள்ளி எட்டு ஆறு ஆறு:
மேசைக்கு அடியில்,
தரைக்கு நாற்பத்துமூன்று மேலே,
ஒரு தெருநாயின் கண் உயரத்திலிருந்து
கதிர் அண்ணாந்து பார்க்கும்.
அந்த மூலையில் டேன் ஒன்றுதான் பிளஸ்.

"பாலோ ஹபே?" என்றான் மகன்.
முதல் நாள், பால் கேட்கிறானென்று
டீக்கடைப் பக்கம் கை காட்டினேன்.
குணமாகுமா என்று அர்த்தமாம்.
தெரிந்த பிறகு கையை எங்கே காட்ட?
டேன் தொண்ணூறு கேட்டால்
என் பழைய கால்குலேட்டர் பிழை என்கிறது.
பிழையொன்றும் இல்லை,
விடை இல்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் கோணம் எவ்வளவும் ஓடலாம்.
ஐந்நூற்று எழுபது, தொள்ளாயிரத்து முப்பது,
முழுச்சுற்றுகளை உருவிப் போட்டால்
இருநூற்றுப் பத்தில் வந்து உட்காரும்.
எத்தனை சுற்று வந்தோமென்று சைனுக்கு நினைவிருப்பதில்லை.

இந்தக் கை அப்படி ஓடாது.
நூற்றைம்பதிலிருந்து அறுபதே டிகிரி; ஆனால்
நூற்றெண்பதைத் தாண்டினால் கேபிள் முறுக்கிக்கொள்ளும்,
வந்த வழியே முந்நூறு டிகிரி சுற்றிப் போகிறது
பாலாற்றில் பாலம் மூடிய நாள் பஸ் மாதிரி.
உடம்பும் மறப்பதில்லை.
பதினெட்டாம் நாளே முதுகின் வலப்பக்கம்
தோல் கறுத்துவிட்டது,
இரண்டு மைனஸ் கூடும் இடத்தில்.

இன்று இருபத்தைந்து.
கையைச் சுழிக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம்.
எழுந்து உட்கார்ந்தவரிடம்
காட்பாடியில் ரயில் எப்போது என்று
விரலால் காற்றில் வட்டம் போட்டுக் கேட்டேன்.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டி
ஏழு விரல் நீட்டினார்.

அவர் போன பிறகு
பன்னிரண்டிலிருந்து ஏழு வரை
டிகிரியில் எண்ணிப் பார்த்தேன்.
"மறுபடியுமா" என்றான் இம்தியாஸ்.