தெரிந்த குறைகள்

படிவத்தின் பதினொன்றாம் வரி
எனக்காகவே யாரோ அச்சடித்தது போலிருந்தது:
தனியார் விற்பனை. பார்த்தபடியே வாங்கப்பட்டது.
பின்னால் தெரியவரும் குறைகளுக்கு
விற்றவர் பொறுப்பல்ல.
இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.
கெசீனே ஹார்ம்ஸ் தலையாட்டினாள்,
பானெட்டின் மேல் ஐம்பது யூரோத் தாள்களாக
மூவாயிரத்து நூறு எண்ணி வைத்தாள்.
பிரேமர்ஹாஃபன் காற்று பொல்லாதது;
தாள்கள் பறக்காதிருக்க
என் கட்டைவிரலைக் கடன் கொடுத்தேன்.

அடுத்த வரியில் காலியிடம்.
"விற்பவருக்குத் தெரிந்த குறைகள்."
ஒரு கோடு இழுத்தேன்,
தீக்குச்சி நீளம்கூட இராது.

ஆறு வாரத்தில் வக்கீல் கடிதம்.
நெடுஞ்சாலை, இரவு, கொட்டும் மழை;
விளக்கும் வைப்பரும் ஒரே நொடியில் செத்தனவாம்.
சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்து
பக்கத்து இருக்கையின் காலடியில், விரிப்புக்குக் கீழே,
கம்பிகள் பச்சை பூத்துக் கிடந்தனவாம்.

மருமகன் டெட்லெஃப் காப்பீட்டு அலுவலகத்துக்காரன்.
"வாயைத் திறக்காதீர்கள்.
பதினொன்றாம் வரி காப்பாற்றும்.
உங்களுக்குத் தெரியும் என்பதை
அவள்தான் நிரூபிக்கவேண்டும்."

இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமலே பேசினான்.
அங்கே ஒரு புகைப்படம்:
நாலாய் மடித்த செய்தித்தாள், ஊறி உப்பி,
அவளுடைய மெக்கானிக் விரிப்புக்கடியிலிருந்து உருவியது.
தேதி பிப்ரவரி பதினொன்று.
கார் கைமாறியது ஏப்ரலில்.
மேல் மடிப்பில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து,
கொக்கி கொக்கியாய் என் கையெழுத்து.

பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம் போல.
நீரை முடியாது.

தெரிந்து மறைத்தவருக்கு
பார்த்தபடி என்ற சொல் துணை வராது,
என்கிறது கடிதம், மிக மரியாதையாக.
தெரிந்தது என்பதில்
நான் கொஞ்சம் தகராறு செய்து பார்த்தேன்,
இரவு இரண்டு மணிக்கு, சமையலறையில், தனியாக.
ஈரம் தெரியும். அது எங்கே போகும் என்று தெரியாது.
அடைப்பு தெரியாது. வாடை தெரியும்.
அந்தத் தாள் மூன்றாவது தாள்;
முதல் இரண்டையும் குப்பையில் போட்டது
நானில்லையென்றால் யார்?

டெட்லெஃபுக்கு நான் சொல்லாத ஒன்றும் உண்டு.
ஓட்டிப் பார்க்கும்போது,
மீன் கிடங்கருகே சிக்னலில் நின்றபோது,
அவள் கேட்டாள்:
"மழைக்கு எப்படி? உள்ளே ஏதும் வருமா?
பையன் இந்தப் பக்கம்தான் உட்காருவான்."
நான் சொன்னேன்:
"வைப்பர் புதுசு. போன வருஷம்தான் மாற்றினேன்."
பொய்யில்லை. ரசீதுகூட இருக்கிறது.
பச்சை விழுந்தது.
சாட்சி கிடையாது.

மூவாயிரத்து நூறில்
தொள்ளாயிரம் பல்லுக்குப் போய்விட்டது.
மிச்சம் பிஸ்கட் டப்பாவில்.

டெட்லெஃபின் அழைப்பு அடித்து ஓய்கிறது.
என் பிரதியை விரித்து
பன்னிரண்டாம் வரியில், அந்தக் கோட்டின் மேலேயே
எழுதிப் பார்க்கிறேன்:
வலப்பக்கம், காலடியில், தண்ணீர்.

எழுதியபின்னும்
இடம் மிச்சமிருக்கிறது.