விடை தவறும்போது வரும் வரி

வங்கிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.
பதினேழு வருடம் அதில் 'ஆசிரியர்' என்று
யோசிக்காமல் எழுதிய கை
இன்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது.
கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பெண்
அதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கிறாள்.

பள்ளி திறந்த மார்ச்சில்
டாக்டர் சுலேமா எச்செவெர்ரி
என் தொண்டைக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தாள்.
"முடிச்சுகள். இரண்டு பக்கமும்.
இனி ஒரு வகுப்புக்கு முன்னால் உங்களால் கத்த முடியாது."
நான் கத்தியதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
காற்று மட்டும் வந்தது.

பைசாந்தூவில், டயர் கடைக்கு மேலே அலுவலகம்.
முதல் மாதம் என்னை எங்கே உட்கார வைப்பதென்று
யாருக்கும் தெரியவில்லை.
நிரல் எழுதுகிற பையன்கள் 'புரொபசோர்' என்றார்கள்,
வழி தவறி வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்;
வாய் போனவனைப் போய் விற்பனைக்கு அனுப்பினார்கள்.
மெர்செதெஸில் ஒரு தலைமையாசிரியை
என் விளக்கத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு
வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள்.

பிறகொரு நாள் பால்தசார் நாற்காலியைத் திருப்பினான்.
"விடை தப்பானால் திரையில் ஒரு வரி வரும்.
இப்போது 'தவறு. மீண்டும் முயல்க' என்றிருக்கிறது.
வேறு ஏதாவது தோன்றுகிறதா?"

தோன்றியது.
மாத்தே ஆறிப்போனது தெரியாமல்
மதியம் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.
கடன் வாங்கித் திருப்பித் தர மறந்த
கழித்தலுக்கு ஒரு வரி.
கேள்வியைப் படிக்காமல்
கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவைத்த அவசரத்துக்கு ஒன்று.
சும்மா ஊகித்தவனுக்கு ஒன்று.
அவனை எனக்குத் தெரியும்,
கடைசி பெஞ்சு, சன்னலோரம், யமந்தூ;
அவனைத் திட்டினால் சிரிப்பான்,
கேள்வி கேட்டால்தான் நிமிர்வான்.
எல்லாம் எழுபது எழுத்துக்குள்.
மிஞ்சினால் திரை வெட்டிவிடும்.
என்னை ஒருவரும் முன்பு இப்படி வெட்டியிருந்தால்
தொண்டை தப்பியிருக்கும்.

ஆனால் இந்தப் பக்கத்தில் நெற்றிகள் இல்லை.
சுருங்குவதைப் பார்த்துப் பேச்சை மாற்ற வழியில்லை.
எண்கள், நேரங்கள்,
நேரங்களுக்கு நடுவே இடைவெளிகள்.
பதினான்காம் கேள்வியில்
நானூற்றுப் பன்னிரண்டு பேர் விழுந்திருந்தார்கள்.
வரியை மூன்று முறை மாற்றினேன்.
இன்னும் விழுந்தார்கள்.

அவர்களில் ஒரு பிள்ளை. பெயர் கிடையாது, ஓர் அடையாள எண்.
இரவு பதினொன்றே கால்.
2.5 என்று போட்டிருக்கிறது. ஒன்பது முறை.
ஒன்பது முறையும் சிவப்பு,
சிவப்புக்குக் கீழே என்னுடைய அன்பான வரி.
பத்தாவது முறை 7.
பிறகு 8.
பிறகு 9.

சரியான விடை 2,5.
இங்கே நாங்கள் காற்புள்ளி வைப்போம்.
கைபேசியின் எண்பலகையில்
காற்புள்ளிக்குப் பொத்தானே இல்லை.

பால்தசாரின் தோளைத் தட்டி
விரலால் காட்டினேன்.
ஒரு கெட்ட வார்த்தை, நான்கு நிமிடம்.
இனி இரண்டும் சரி.
பழைய சிவப்புகளையும் அழிக்க முடியுமா என்று
துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன்.
"யார் பார்க்கப்போகிறார்கள்?"
'அந்தப் பிள்ளை' என்று கீழே எழுதினேன்.
அதற்குச் சாயங்காலம் வரை ஆனது.
கீழே யாரோ ஒரு லாரிச் சக்கரத்தை
சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
அன்று முழுக்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை.
எனக்கு வேலை கிடைத்தது அன்றுதான்.

இப்போது கட்டத்தில் எழுதத் தொடங்குகிறேன், பொடி எழுத்தில்.
பாதியிலேயே கட்டம் தீர்ந்துபோக
மீதியை ஓரத்தில் செங்குத்தாக ஏற்றுகிறேன்.
அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள்.
"விடை தவறும்போது... வரும் வரியை... 
இதற்கெல்லாம் சம்பளம் உண்டா?"

கொஞ்சம் என்கிறேன்.

"என்ன?" என்று
காதைக் கண்ணாடியில் வைக்கிறாள்.