துணைக்கேள்வி

வியாழன் நண்பகலுக்குள் பதில் வேண்டுமாம்.
பச்சைக் கோப்பில் ஒரே ஒரு தாள்.
கேள்வி எண் நூற்றுப் பதினெட்டு:
பத்து கெம்பாஸ் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில்
குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் எத்தனை?
கேட்டவர் மாண்புமிகு உறுப்பினர்.
சொல்லப் போகிறவர் மாண்புமிகு அமைச்சர்.
எழுதப் போகிறவள் நான்,
மாவட்ட அலுவலகம், மூன்றாம் மேசை,
பெயர் எங்கும் வராது.

தொழிலாளர் இலாகாவுக்குப் போன் போட்டேன்.
ஃபௌசியா நல்ல மாதிரி, உடனே திறந்து பார்த்தாள்.
"ஸ்ட்ராத்தோவன் தோட்டமா? பட்டியல்ல இல்லையே அக்கா."
பேப்பரில் ஸ்ட்ராத்தோவன், எங்கள் வாய்க்கு ஐந்தாங்கட்டை.
பால்மரத்தை வெட்டினார்கள், செம்பனை வைத்தார்கள்,
பிறகு செம்பனையோடு சேர்த்து விற்றார்கள்.
இப்போது அது தோட்டமில்லை, மேம்பாட்டு நிலம்.
வீடமைப்பில் கேட்டால் தனியார் மண்.
தண்ணீர் வாரியத்தில்
மொத்த லயத்துக்கும் ஒரே மீட்டர், கம்பெனி பெயரில்,
கணக்கு மூடி ஆறு வருஷம்.
புள்ளிவிவர இலாகாக்காரர் மட்டும்
அவசரப்படாமல் பேசினார்:
தோட்டமே இல்லை என்றால் தோட்ட வீடு ஏது?
வீடே இல்லை என்றால்
தண்ணீர் இல்லாத வீடு எங்கிருந்து வரும்?

சரிதான். எந்த வாத்தியாரும்
சிவப்பு மையால் தொட முடியாத கணக்கு.
கட்டத்துக்குள் எழுதினேன்: தியாடா.
மலாயில் இல்லை என்பதற்கு மூன்றெழுத்து.
எங்கள் அலுவலகத்தில் அதற்கு முத்திரையே உண்டு,
பிடி தேய்ந்து போய்விட்டது.

மீன் வாங்கக் கிளம்பியவள்
சந்தியில் ஏன் ஸ்கூட்டரைத் திருப்பினேன் என்று
இன்னும் எனக்கே விளங்கவில்லை.
செம்மண் சாலை. லோரி தோண்டிய பள்ளங்களில்
முந்தாநாள் மழை.
கூரைத் தகரத்தை மடித்து ஒரு வாய்க்கால்,
அதன் கீழே நீலத் தோம்பு,
வாயில் கட்டிய பழைய பள்ளிச் சட்டை,
அதில் வடிகட்டி நிற்கும் கரப்பான் கால்.

கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து
பவளக்கொடி இறங்கி வந்தாள்.
"கணக்கெடுக்க வந்தீங்களா?"
ஆமா, இல்லை, இரண்டும்
ஒரே நேரத்தில் என் வாயில் வந்தன.
"போன வாரமே ஒருத்தர் எடுத்துட்டாரே.
கதவு கதவா நம்பர் போட்டாரு.
இடிக்கிறதுக்காம்.
ஒரு வீடு விடல, நல்லா எண்ணுனாரு."

சிவப்புச் சாயம். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று.
பதினேழு மட்டும் கொஞ்சம் வழிந்திருந்தது.

மறுநாள் பதிலின் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தேன்.
துவான் ரஷிடி அதைப் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.
பென்சிலால் மெல்ல ஒரு கோடு.
"கேட்டதுக்கு மட்டும் பதில், வள்ளியம்மை."
கெட்டவர் இல்லை. அன்றைக்கு என் கோப்பி ஓவுக்கு
அவர்தான் காசு கொடுத்தார்.

நேரலையில் பார்த்தோம்.
அமைச்சர் வாசிக்கப் பதினோரு வினாடி.
உறுப்பினர் எழுந்தார்: அவைத்தலைவரே, துணைக்கேள்வி.
வீடே இல்லாத இடத்தில்
முப்பத்தொரு கதவுக்கு எண் போட்டது யார்?
பதினேழாம் கதவில்
சாயம் வழிந்திருப்பது அமைச்சருக்குத் தெரியுமா?
பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எழுத்துப்பூர்வமாகப் பதில் தருவோம் என்று
அமைச்சர் உட்கார்ந்தார்.

திங்கள்கிழமை பச்சைக் கோப்பு திரும்பி வந்தது,
அதே மூன்றாம் மேசைக்கு.
பதினேழாம் கதவை அவருக்குச் சொன்னது யாரென்று
துவான் கேட்கவில்லை.
ஜன்னல் பக்கம் நின்று
வெளியே என் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சக்கரத்தில் செம்மண்.
நான் கழுவவில்லை.
"பதினாலு நாள் இருக்கு," என்றார்,
முத்திரையை எடுத்துத் தன் மேசை அறைக்குள் போட்டு.